வெளியே போகும்போதும் என் பெட்டியை எண்ணுங்கள்

விமானப்படைத் தளங்களின் தளபதிகளுக்கும், அங்கே பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாருக்கும் என் பெயர் தெரிந்திருக்காது. உங்கள் கேட்டில் இருக்கிற பதிவேட்டில் ‘வருகையாளர் – சர்வீஸ்’ என்ற கட்டத்தில் பலமுறை எழுதப்பட்டவன் நான். விமானத்துக்குத் தரையில் மின்சாரம் கொடுக்கிற எந்திரம், டயருக்கு நைட்ரஜன் ஏற்றுகிற வண்டி, கம்ப்ரஸர், இவற்றைப் பழுது பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. எந்த நாடு, எந்தத் தளம், எந்த ஸ்குவாட்ரன் என்று எதையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதமாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே வருகிறேன். அதனால் இதைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் ‘நம்ம தளத்தைச் சொல்றானோ’ என்று சந்தேகம் வரலாம். வரட்டும்.

முதலில் கேட். காலை ஏழு மணிக்கு வந்து நிற்பேன். அடையாள அட்டை, கம்பெனிக் கடிதம், வண்டியின் காகிதங்கள். கைப்பேசியை வாங்கி உறையில் போட்டு ஒரு வில்லை தருவார்கள். வண்டிக்கு அடியில் கண்ணாடியை விட்டுப் பார்ப்பார்கள். நாய் ஒன்று வந்து சீட்டை முகர்ந்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். கருவிப்பெட்டியைத் திறந்து தட்டுத் தட்டாக வெளியே எடுத்து வைப்பார்கள். மல்டிமீட்டரைத் தூக்கி ‘இது என்ன’ என்று கேட்பார்கள். பதினெட்டு வருஷமாக அதே மல்டிமீட்டர், அதே கேள்வி. இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உள்ளே நிற்பது என்னவென்று தெரிந்தவனுக்கு அந்தச் சோதனை அதிகமாகத் தோன்றாது. சில நாள் உள்ளே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மாலையில் வெளியே வர ஒன்றரை நிமிடம். அட்டையை வாங்கிக்கொண்டு, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, ‘சரி, போங்க’ என்று கையசைப்பார்கள். பெட்டியை யாரும் திறப்பதில்லை. எப்போதாவது திறந்தால், நான் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறேனா என்று பார்க்கத்தான். எதையாவது உள்ளே விட்டுவிட்டுப் போகிறேனா என்று கேட்ட தளங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பைலட்டாக இருந்து மேலே வந்தவர்கள் உங்களில் நிறைய இருப்பீர்கள். விமானத்துக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கிற அந்தப் பெட்டியை நீங்கள் சரியாகப் பார்த்திருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம்.

எஞ்சின் அணைந்து நிற்கிற விமானத்துக்கும் மின்சாரம் வேண்டும். சுவரில் வருகிற 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதற்கு ஆகாது. பெரும்பாலான பெரிய விமானங்கள் கேட்பது 115 வோல்ட், மூன்று ஃபேஸ், 400 ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மருக்கும் மோட்டாருக்கும் உள்ளே வைக்க வேண்டிய இரும்பு குறையும். இரும்பு குறைந்தால் எடை குறையும். ஹெலிகாப்டர்கள், சிறிய விமானங்கள் பலவற்றுக்கு 28 வோல்ட் டி.சி. போதும்.

400 ஹெர்ட்ஸ் கேபிளை மாட்டுகிற இடத்தில், விமானத்தின் பக்கம் ஆறு முள் இருக்கும். நான்கு தடியானவை: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். மற்ற இரண்டும் மெல்லியவை, குட்டையானவை. பிளக் முழுதாக உட்கார்ந்தால்தான் அந்தக் குட்டை முட்கள் தொடும். அவை தொட்டு, விமானத்திலிருந்து சிக்னல் திரும்பி வந்தால்தான் எந்திரம் மின்சாரத்தை விட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது அவசரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் முதலில் பிரிவதும் அந்தக் குட்டை முட்கள்தான். அடுத்த கணமே எந்திரம் நின்றுவிடும். தடித்த முட்கள் பிரியும்போது பொறி பறக்காது. இதை யோசித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தால் கும்பிட்டிருப்பேன். இந்தக் குட்டை முட்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. முதன்முதலில் நான் கேபிள் மாட்டியது ஒரு சி-130 சரக்கு விமானத்துக்கு. படத்தில் எத்தனையோ முறை பார்த்த விமானம்தான். நேரில் என்னைப் பிடித்துக்கொண்டது அதன் அளவு இல்லை, வாசனை. எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், சூடான ரப்பர், இத்தனை வருஷம் ஏறி இறங்கியவர்களின் வியர்வை எல்லாம் கலந்த ஒன்று. அந்த ரகம் முதலில் பறந்தது 1954-இல், இன்றைக்கும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ‘இது உங்களைவிட மூத்தது, மரியாதையாகப் பிடியுங்கள்’ என்றார் அதன் பொறுப்பாளர். கிண்டலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியானது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1962-இல். இன்று அவற்றின் கீழே படுத்து வேலை செய்கிற பிள்ளைகளின் அப்பாக்களே அப்போது பிறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தொழில்காரர்கள் குலதெய்வமாக வைத்துக்கொள்ள வேண்டிய வண்டி ஒன்று உண்டு. எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் எஞ்சினை முதலில் சுழற்றிவிட, ஒரு வண்டிக்குள் இரண்டு ப்யூக் வி8 கார் எஞ்சின்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் போகிற விமானம், கிளம்புவதற்கு இரண்டு கார் எஞ்சின்களின் தயவு வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்தில் எல்லோரும் விமானத்தைச் சுற்றி நிற்பார்கள். என் கண் வண்டி எங்கே என்று தேடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெட் எஞ்சின் காற்றோடு சேர்த்து, முன்னால் தரையில் கிடப்பதையும் இழுக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் உங்கள் ஆட்கள் தோளோடு தோள் வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, கல், நட்டு, கம்பித் துண்டு என்று பொறுக்கியபடியே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘ஃபாட் வாக்’ என்பார்கள். ஒருமுறை எனக்கும் வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு ரிவெட் தலையும் ஒரு பாட்டில் மூடியும் எனக்குக் கிடைத்தன. அன்றைக்கு முழுக்க ஏதோ பதக்கம் வாங்கியவன் மாதிரி திரிந்தேன்.

உங்கள் மெக்கானிக்குகளின் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய பள்ளம் இருக்கிறது. ஒன்று குறைந்தால் பல் விழுந்த வாய் மாதிரி பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். வேலை முடிந்ததும் எண்ணிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த காரியம். அவ்வளவு இருந்தும் நடக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவில், அரிசோனாவின் லூக் தளத்தில், எஃப்-35 போர் விமானம் ஒன்றின் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். அணைக்கும்போது சத்தம் சரியில்லை. கருவிகளை எண்ணினார்கள், கையில் பிடிக்கிற டார்ச் ஒன்றைக் காணவில்லை. அது எஞ்சினுக்குள் போயிருந்தது. சேதம் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அவர்கள் தினமும் எண்ணிப் பழகியவர்கள். என் பெட்டியில் பள்ளமும் கிடையாது, எண்ணும் கிடையாது.

பொருள் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் ஓடுபாதையில் ஏறி மிதித்தது ஒரு உலோகப் பட்டையை. நீளம் அரை மீட்டர்கூட இல்லை. சற்றுமுன் கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து விழுந்தது. டயர் கிழிந்து, அதன் துண்டு போய் இறக்கையில் அடிக்க, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. 113 பேர் செத்தார்கள். அது பயணிகள் விமானம், நிலையமும் உங்களுடையது மாதிரி இல்லை என்பீர்கள். ஓடுபாதைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இனி என் கதை. இரண்டு தளம், இரண்டு தொலைந்த பொருள்.

முதலாவது நடந்து எட்டு வருஷம் இருக்கும். கம்ப்ரஸருக்கு வால்வு மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நாற்பது கிலோமீட்டர் தாண்டி ஓரிடத்தில் வண்டியை நிறுத்திப் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது பார்த்தால் பத்து எம்.எம். சாக்கெட் இல்லை. பத்து எம்.எம். சாக்கெட் தொலைவது உலகத்தில் எல்லா மெக்கானிக்குகளின் தலையெழுத்து. கார் ஷெட்டில் தொலைத்தால் சிரித்துவிட்டு இன்னொன்று வாங்குவோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை செய்த இடத்துக்கும் விமானங்கள் உருண்டு போகிற பாதைக்கும் நடுவில் முப்பது அடிதான்.

ஐந்து நிமிடம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் என்னென்ன யோசித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்புறம் போன் செய்தேன். குரலை வைத்துப் பார்த்தால் வயதான ஒரு வாரண்ட் அதிகாரி எடுத்தார். சொன்னேன். ‘என்ன நீளம்? பளபளப்பா, கறுப்பா? கடைசியாக எங்கே நின்றபோது கையில் இருந்தது?’ வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து விமானங்களை நிறுத்திவைத்தார்கள். நான் திரும்பிப் போனேன். என்னோடு ஆறு பேர் மண்டியிட்டு, டார்ச் அடித்து, காந்தக் கம்பியை விட்டுத் துழாவினார்கள். ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் கம்ப்ரஸரின் அடிச்சட்டத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் சாக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, ‘போன் பண்ணீங்களே, அது போதும்’ என்றார். அடுத்த முறை போனபோது எனக்காக ஒரு தாள் தயாராக இருந்தது: உள்ளே வரும்போது கருவிகளின் எண்ணிக்கை, வெளியே போகும்போது எண்ணிக்கை, இரண்டு கையெழுத்து. அவரே கையால் கோடு போட்டுத் தயாரித்தது.

இரண்டாவது தளத்தில் தொலைந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர் பிட். சுண்டுவிரல் நீளம் இருக்காது. முதல் தளத்தில் கற்ற பாடம் இருந்ததால் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பணியில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: ‘வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?’ அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. யாருக்கோ போன், அவர் இன்னொருவருக்கு. அதற்குள் என் கண்ணெதிரே இரண்டு விமானங்கள் கிளம்பிப் போயின. தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுநாள் காலை என் வண்டியின் சீட்டுக்கு அடியில் கிடந்தது. அதையும் நானே போன் செய்து சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிக்குக் கடிதம் வந்தது. கவனக்குறைவுக்காக ஆறு மாதம் எனக்கு அனுமதி ரத்து.

என் மேலாளர் திட்டவில்லை. ஒரே ஒரு வரி சொன்னார். ‘அடுத்த தடவை வண்டியில நல்லாத் தேடிப் பார்த்துட்டு அப்புறம் சொல்லு.’ அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கும் புரிந்தது, பக்கத்தில் நின்ற இரண்டு புதுப் பையன்களுக்கும் புரிந்தது. அந்தப் பையன்கள் இப்போது தனியாக உங்கள் தளங்களுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது தொலைந்தால் உங்களிடம் சொல்வார்களா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

இந்தத் துறையில் படிப்பவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கார்ல் வின்சன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு சாதாரண மாலுமி, கப்பலின் மேல்தளத்தில் தன் கருவி ஒன்று தொலைந்துபோனதாக வந்து சொன்னார். மேலே பறந்துகொண்டிருந்த விமானங்களையெல்லாம் கரையில் இருக்கிற தளங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். கருவி கிடைத்தது. மறுநாள் கப்பல் தளத்திலேயே எல்லோரையும் கூட்டிவைத்து அந்த மாலுமியைப் பாராட்டினார்கள். ஒரு கப்பலின் ஒரு நாள் வேலையைக் கெடுத்த ஆள் அவர். எனக்குப் பாராட்டு வேண்டாம், ஆறு மாதத் தடை வராமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. உள்ளே வருகிற எங்களுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதும் எனக்கு நெடுநாள் குறை. கையெழுத்துக்காக ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார்கள். அத்தனையும் ரகசியம் பற்றியது. படம் எடுக்காதே, பேசாதே, அந்தப் பக்கம் பார்க்காதே. எது என்னைக் கொல்லும் என்பது அதில் இருக்காது.

ஒரு உதாரணம். எஃப்-16 போர் விமானத்தில் எஞ்சின் நின்றுபோனால் அவசரத்துக்கு மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் கொடுக்க ஒரு சின்ன டர்பைன் உண்டு. அதை ஓட்டுகிற திரவத்தில் 70 சதவீதம் ஹைட்ரஸீன், மீதி தண்ணீர். விஷம். கசிந்தால் அம்மோனியா மாதிரி நெடி வரும். வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி ஓட வேண்டும். இதை எந்தத் தளத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை; நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மோனியா நெடியை நான் அதற்குமுன் குளிர்சாதன வேலைகளில் முகர்ந்திருக்கிறேன். தெரியாமல் இருந்திருந்தால், ‘எங்கே கசிகிறது’ என்று மோப்பம் பிடித்துக்கொண்டு விமானத்தை நோக்கியே நடந்திருப்பேன். டெக்னீஷியன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், தீயணைக்கிற நுரையும் அப்படித்தான். 2014 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் எக்ளின் தளத்தில், தீ எதுவும் இல்லாமலே ஒரு ஹேங்கரில் நுரை திறந்துகொண்டது. செத்துப்போனவர் ராணுவத்தாள் இல்லை, அங்கே வேலை பார்த்த ஒரு ஒப்பந்த ஊழியர். மூன்று பேருக்குக் காயம். அந்தச் செய்தியைப் படித்த பிறகு எந்த ஹேங்கரில் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பேன், அப்புறம் வெளியே போகிற கதவு எங்கே என்று பார்ப்பேன். கூட வருகிற சிப்பாய் ‘ஏன் மேலே பார்க்கிறீர்கள்’ என்று கேட்பார். ரகசியம் எதையோ பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார் போல.

சிவப்பு நாடாக்களும் உண்டு. ஆபத்தில் பைலட்டை வெளியே தூக்கி எறிகிற இருக்கைக்கு அடியில் இருப்பது ராக்கெட். தரையில் நிற்கும்போது அது வெடித்துவிடாமல் ஒரு பாதுகாப்பு ‘பின்’னைச் செருகி, அதில் சிவப்பு நாடாவைத் தொங்கவிடுவார்கள். சக்கரத்துக்கும் ஆயுதத்துக்கும்கூட உண்டு. ஒருமுறை கூட வந்த பையன் தரையில் கிடந்த நாடா ஒன்றைப் பொறுக்கி, ‘சாவிக்கொத்துக்கு நல்லா இருக்கும்ண்ணே’ என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாடா கீழே கிடந்தால் அதன் ‘பின்’ எங்கே? நல்லவேளை, அது ஏற்கெனவே கழற்றிவைத்த உறை ஒன்றிலிருந்து பிய்ந்து விழுந்ததுதான். அந்தப் பையன் மேல் தப்பில்லை. அந்த நாடா எதற்கென்று யாரும் அவனுக்குச் சொல்லவே இல்லை.

இப்போது அந்தக் குட்டை முட்கள்.

பழைய எந்திரங்களில், அல்லது விமானத்தின் பக்கம் முள் தேய்ந்துபோன இடங்களில், இணைப்பு சரியாகக் கிடைக்காமல் எந்திரம் அடிக்கடி நின்றுவிடும். நடுராத்திரி, மழை, காலை ஐந்து மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும், மின்சாரமோ நின்று நின்று போகிறது. யாரோ ஒரு கெட்டிக்காரர் எந்திரத்தின் கதவைத் திறந்து, ஒரு துண்டு வயரால் அந்தக் குட்டை முட்களின் வேலையை ‘பைபாஸ்’ பண்ணிவிடுவார். எந்திரம் நிற்காது. காலையில் விமானம் போய்விடும். வயர் அங்கேயே இருக்கும். அன்றிலிருந்து அந்தக் கேபிளை யார் ஓடும்போது பிடுங்கினாலும் பொறி பறக்கும், பறக்கிற இடம் எரிபொருள் நிரம்பிய விமானத்தின் வயிற்றுப் பக்கம். பிளக் தரையில் கிடக்கும்போதும் அதில் மின்சாரம் இருக்கலாம்.

இதே துண்டு வயரை மூன்று வெவ்வேறு தளங்களில் பார்த்துவிட்டேன். ஒன்று நீலம், இரண்டு சிவப்பு. மூன்று முறையும் கழற்றிவிட்டு, கோளாறின் காரணத்தைச் சரிசெய்துவிட்டு, என் சர்வீஸ் தாளில் எழுதினேன். அந்தத் தாள் எங்கே போகிறது தெரியுமா? ஒரு பிரதி எங்கள் கம்பெனியின் பில் போடுகிற பிரிவுக்கு. ஒரு பிரதி உங்கள் ஸ்டோர்ஸுக்கு, பணம் கொடுக்கலாமா என்று சரிபார்க்க. ராத்திரியில் வயரைச் செருகிய ஆளின் கண்ணில் அது படாது. அவரை யாரும் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மழையில் நின்று வேலை செய்தவர் அவர். முள் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அவர் சொன்னாரா, சொன்னால் கேட்க ஆள் இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று கிளம்பும்போதே விழுந்தது. பைலட்டுகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். எரிந்துபோன விமானத்தின் மதிப்பு சுமார் 140 கோடி டாலர். காரணம் ஈரம். காற்றழுத்தத்தை அளக்கிற உணரிகள் சிலவற்றில் மழை ஈரம் இருந்தபோதே அவற்றைச் சீர்செய்தார்கள். பிறகு ஈரம் உலர்ந்ததும் அளவு தவறிப்போனது. விமானத்தின் கணினிகள் இல்லாத வேகத்தை இருப்பதாக நம்பின. எனக்குத் தூக்கம் கெட்டது அதற்கடுத்த வரியைப் படித்தபோதுதான். சீர்செய்வதற்கு முன் ஹீட்டரைப் போட்டு ஈரத்தை உலர்த்திவிட வேண்டும் என்பது 2006-லேயே அங்கே வேலை செய்த சிலருக்குத் தெரிந்திருந்தது. வாய்வழியாகத் தெரிந்திருந்தது. பராமரிப்புப் புத்தகத்தில் ஏறவில்லை. அடுத்து வந்த குழுவில் எல்லோருக்கும் அது போய்ச் சேரவில்லை.

என்னைப் போன்றவர்கள் தளம் தளமாகச் சுற்றுகிறோம். ஒரு தளத்தில் கேபிள் எந்த வளைவில் வெடிக்கிறது, எந்த வால்வு எந்தப் பருவத்தில் இறுகிக்கொள்கிறது, எந்த எந்திரத்தில் யார் என்ன தந்திரம் பண்ணிவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஒரு தளத்து ஆளுக்குத் தன் தளம் மட்டும்தான் தெரியும். எங்கள் தலையில் இருப்பதை நீங்கள் யாரும் கேட்பதில்லை. ரகசியம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் எந்திரத்தைப் பற்றி உங்களிடமே சொல்ல ஒரு வழி கொடுங்கள் என்கிறேன்.

என்னோடு கூட அனுப்பப்படுகிற சிப்பாய்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை. நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்து நிற்பார்கள். வேறு யாருக்கும் தேவைப்படாதவர்களை அன்றைக்கு எனக்கு ஒதுக்கியிருப்பார்கள் என்று ஒரு சந்தேகம். எந்த எந்திரம், எங்கே நிற்கக் கூடாது, எந்தச் சத்தம் வந்தால் விலக வேண்டும் என்பது பல பேருக்குத் தெரியாது. ஒரு முறை நான்தான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன், எஞ்சின் ஓடத் தொடங்கிய விமானத்தின் முன்பக்கமாகக் குறுக்கே நடக்கப் பார்த்தார். அன்றைக்கு யார் யாருக்குக் காவல் என்று இரண்டு பேருக்குமே புரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, பணச் செலவும் அதிகம் இல்லை. உள்ளே வரும்போது பெட்டியைத் தட்டுத் தட்டாக எடுக்கிறீர்களே, அப்போதே எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது அதே தாளை எடுத்து மறுபடி எண்ணுங்கள். ஒன்றரை நிமிடம் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும், காலையில் ஒன்றரை மணி நேரம் நின்றவனுக்கு அது பாரமில்லை. ரகசியக் காகிதங்களோடு இன்னொரு பக்கமும் சேருங்கள்: இன்றைக்கு இந்த ஹேங்கரில் நிற்பது என்ன, என்ன வாசனை வந்தால் எங்கே ஓட வேண்டும், நுரை திறந்தால் எந்தக் கதவு. எங்கள் சர்வீஸ் தாளின் ஒரு பிரதி ஸ்டோர்ஸோடு நிற்காமல் உங்கள் விமானப் பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்குப் போகட்டும். தொலைந்ததைச் சொன்னவனுக்குத் தடை போடுவதை நிறுத்துங்கள். சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டவனுக்குப் போடுங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன்.

கோடு போட்டுத் தாள் தயாரித்த அந்த வாரண்ட் அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் கொஞ்ச நாள் அந்தத் தாளைப் பயன்படுத்தினார்கள். போன தடவை போனபோது கேட்டேன். ‘எந்தத் தாள்?’ என்றார்கள். அதனால்தான் இதை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களில் ஒருவருடைய தளத்துக்கு வருகிறேன். நைட்ரஜன் வண்டியில் ரெகுலேட்டர் வேலை. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் நானே ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன்: 47 உருப்படி, அந்தப் பத்து எம்.எம். சாக்கெட்டும் சேர்த்து. மாலையில் கேட்டில் நிறுத்தி, எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வருகையாளர் – சர்வீஸ்